ஒரே பாட்டு, எட்டுத் தலைவிதி

லைக் போடும் மனசு – 6

"நல்லா இருந்தா எப்படியும் ஓடும்." வீடியோ போடுகிற எல்லோருக்கும் யாராவது சொல்லியிருக்கும் ஆறுதல் இது. ஓடாவிட்டால், 'நல்லா இல்லை போல' என்று அவர்களே முடிவுகட்டிக்கொள்கிறார்கள். லைக்குக்கு ஏங்கும் மனதைப் போன வாரம் பார்த்தோம். லைக் போடுகிற மனது எதைப் பார்த்துப் போடுகிறது?

கொலம்பியா பல்கலைக்கழகத்தின் மேத்யூ சால்கனிக், பீட்டர் டாட்ஸ், டங்கன் வாட்ஸ் மூவரும் இதைச் சோதித்து, 2006-ல் 'சயின்ஸ்' இதழில் எழுதினார்கள். பிரபலமாகாத இசைக்குழுக்களின் 48 பாடல்களை ஓர் இணையதளத்தில் வைத்தார்கள். வந்தவர்கள் 14,341 பேர். பாட்டைக் கேட்கலாம், ஸ்டார் கொடுக்கலாம், பிடித்தால் இலவசமாக டவுன்லோட் செய்துகொள்ளலாம்.

ஒரு பிரிவினருக்குப் பாட்டின் பெயரும் குழுவின் பெயரும் மட்டுமே தெரியும். மற்றவர்களை எட்டு உலகங்களாகப் பிரித்தார்கள். தங்கள் உலகத்தில் எந்தப் பாட்டை இதுவரை எத்தனை பேர் டவுன்லோட் செய்திருக்கிறார்கள் என்ற கணக்கு இவர்கள் கண்ணில் படும். பாடல்கள் அதேதான். எட்டிலும் கணக்கு பூஜ்யத்தில்தான் தொடங்கியது.

ஆனால் எட்டும் எட்டு விதமாகப் போயின. '52 மெட்ரோ' என்ற குழுவின் 'லாக்டவுன்' பாட்டு, கணக்குத் தெரியாதவர்களிடம் 26-வது இடம் பெற்றது. ஓர் உலகத்தில் அது முதலிடம். இன்னொன்றில் 40-வது இடம். டவுன்லோட் வரிசைப்படியே பட்டியல் போட்டுக் காட்டியபோது, மேலே இருந்தவை இன்னும் மேலே போயின. கீழே கிடந்தவற்றைச் சீந்துவாரில்லை.

தரத்துக்கு மதிப்பே இல்லையா? இருக்கிறது. ரொம்ப நல்ல பாட்டு அடியோடு விழுந்ததும், படுமோசமான பாட்டு உச்சிக்குப் போனதும் அபூர்வம். இடைப்பட்டவைதான் எங்கே வேண்டுமானாலும் போயின. நம்மில் பெரும்பாலோரின் படைப்பு இருப்பதும் அந்த இடைப்பட்ட இடத்தில்தான்.

கணக்கைப் பார்த்து நடப்பது முட்டாள்தனம் என்றும் சொல்ல முடியாது. வெளியூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் கூட்டமுள்ள ஓட்டலைத்தானே தேடுகிறோம்? நாலு பேர் சாப்பிட்டுப் பார்த்த இடத்தில் நம் காசு வீணாகாது என்ற நம்பிக்கை. 48 பாட்டையும் கேட்டுத் தேர்ந்தெடுக்க யாருக்கும் பொறுமை கிடையாது. தவிர, பலர் ரசிப்பதை நாமும் ரசித்தால் அதைப் பற்றிப் பேச ஆள் கிடைக்கும். சிக்கல் ஒன்றுதான்: முன்னால் வந்தவர்களும் இதே கணக்கைப் பார்த்துத்தான் உள்ளே நுழைந்தார்கள்.

சால்கனிக்கும் வாட்ஸும் 2008-ல் இன்னொரு படி போனார்கள். கணக்கையே தலைகீழாக்கி, கடைசியில் இருந்த பாட்டை முதலிடம் என்று காட்டினார்கள். பொய்யாக மேலே ஏற்றப்பட்ட சில பாடல்கள் நிஜமாகவே பிரபலமாயின. மிக நல்ல பாடல்கள் மட்டும் மெல்ல மெல்ல மீண்டு வந்தன. கூடவே ஒன்று நடந்தது: மொத்த டவுன்லோடே குறைந்துபோனது. கூட்டம் என்று நம்பி நுழைந்து ஏமாந்தவர்கள், பட்டியலையே கைவிட்டார்கள் போலும்.

ஆகவே, உங்கள் வீடியோவை 300 பேர்தான் பார்த்தார்கள் என்றால், அது இந்த ஓர் உலகத்தில் கிடைத்த முடிவு. மற்ற ஏழில் என்ன ஆகியிருக்கும் என்று பார்க்க வழியில்லை. அதை மட்டும் வைத்து அடுத்த வீடியோவைக் கைவிடுவது அவசர முடிவு.

பொய்க் கணக்குக்கு இவ்வளவு பலம் என்றால், அதைக் காசு கொடுத்து வாங்கவும் ஆள் இருக்கத்தானே செய்யும்? அந்தச் சந்தைக்குள் அடுத்த வாரம் போவோம்.

(தொடரும்)