கேஸ் அடிக்கும் முன் ரசீதைக் கேளுங்கள்

பங்குனி வெயில் ஏறத் தொடங்கியதும் விளாத்திகுளத்திலிருந்து எட்டயபுரம் வழியாகக் கோவில்பட்டிக்கும், குறுக்குச்சாலை வழியாகத் தூத்துக்குடிக்கும் பழைய கார்கள் ஏ.சி. பட்டறை தேடிப் போகின்றன. கார்க்காரர் சொல்வது ஒரே வாக்கியம்: "கூலிங் இல்ல, கேஸ் அடிச்சு விடுங்க." அரை மணி நேரத்தில் வேலை முடிகிறது, பணம் கைமாறுகிறது, சில வாரம் குளிர்கிறது. ஆனி வருவதற்குள் மறுபடி அதே பட்டறை, அதே செலவு. கார் ஏ.சி.யில் இருக்கும் வாயு பெட்ரோலைப் போலச் செலவாகும் பொருள் அல்ல. அது மூடிய குழாய்களுக்குள் சுற்றிச் சுற்றி வருவது. பழைய ரப்பர் குழாய்களில் ஆண்டுக்குச் சிறிதளவு கசியலாம். ஒரே கோடையில் கூலிங் போகிற அளவுக்குக் குறைந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்பதே பொருள். ஓட்டையைத் தேடாமல் கேஸ் அடிப்பவர் காசைக் காற்றில் விடுகிறார். அதைவிடக் கவலைக்குரியது, அடித்தது எந்த வாயு, எத்தனை கிராம், எந்த எண்ணெயோடு என்று யாரும் எழுதி வைக்காததுதான். பின்னால் கம்ப்ரஸர் இறுகிப்போனாலும், வண்டி தீப்பிடித்தாலும், காட்டுவதற்குக் கையில் ஒரு துண்டுக் காகிதம் இருப்பதில்லை.

வாயுவின் பெயர் ஏன் முக்கியம்? தொண்ணூறுகளில் வந்த ஏ.சி. கார்கள் பலவற்றில் இருந்தது ஆர்-12. ஓசோன் படலத்தை அரிப்பதால் உலக நாடுகள் 1987இல் மான்ட்ரியலில் கூடி அதைப் படிப்படியாகக் குறைக்க முடிவு செய்தன. இந்தியா 1992இல் சேர்ந்தது. 2003 ஜனவரி 1 முதல் புதிய சாதனங்களில் ஆர்-12 வகை வாயுக்களைப் பயன்படுத்துவது நம் நாட்டில் தடை செய்யப்பட்டது, 2010இல் அதன் காலம் முடிந்தது. அதற்குப் பதில் வந்தது ஆர்-134ஏ. பழைய வண்டியை இதற்கு மாற்றலாம், தவறில்லை. ஆனால் வாயுவை மட்டும் மாற்றினால் போதாது. ஆர்-12 ஓடிய வண்டியில் இருப்பது மினரல் ஆயில். அது ஆர்-134ஏவோடு கலக்காது. கலக்காத எண்ணெய் கம்ப்ரஸருக்குத் திரும்பி வராமல் குழாய்களில் தங்கிவிடும், கம்ப்ரஸர் உலர்ந்து இறுகும். அதனால் பழைய எண்ணெயை வடித்து, குழாய்களைக் கழுவி, பி.ஏ.ஜி. அல்லது எஸ்டர் எண்ணெய் ஊற்ற வேண்டும். ஈரத்தை உறிஞ்சும் டிரையரை மாற்ற வேண்டும். ஓ-ரிங்குகளையும் கசியும் பழைய ரப்பர் குழாய்களையும் மாற்ற வேண்டும். வேக்குவம் பம்ப்பை அரை மணி நேரமாவது ஓடவிட்டு உள்ளிருக்கும் காற்றையும் ஈரத்தையும் இழுத்த பிறகு, ஆர்-12 இருந்த எடையில் 80 முதல் 90 சதவீதம் மட்டும் தராசில் நிறுத்து அடைக்க வேண்டும். அளவு தெரியாமல் கேஜைப் பார்த்தே அடிப்பதும், பஞ்சர் கடைக் காற்றை ஏற்றிக் கசிவு பார்ப்பதும் வண்டியைக் கெடுக்கும் வேலைகள். அந்தக் காற்றில் ஈரம் இருக்கும். கசிவு பார்க்க உரியது உலர்ந்த நைட்ரஜன்.

உயிருக்கு ஆபத்தானவை வேறு இரண்டு. வீட்டு ஏ.சி.க்கான ஆர்-22வைக் காருக்கு ஏற்றுவது ஒன்று. கண்டென்ஸர் 60 டிகிரி சூட்டில் இருக்கும்போது ஆர்-134ஏ சுமார் 230 பி.எஸ்.ஐ. அழுத்தம் தரும், ஆர்-22 சுமார் 340 தரும். கரிசல் புழுதியும் பஞ்சுத் தூசியும் அடைத்த கண்டென்ஸரோடு சித்திரை மதியத்தில் ஓடும் வண்டியில் அது இன்னும் ஏறும். இருபது வருஷத்துக் குழாய் அதைத் தாங்காது. மற்றொன்று சமையல் எரிவாயு. மலிவு என்றும், நன்றாகக் குளிர்கிறது என்றும் சொல்லி அடிக்கிறார்கள். குளிர்வது உண்மைதான். ஆனால் ஏ.சி.யின் குளிர்சுருள் இருப்பது டேஷ்போர்டுக்குப் பின்னால், உட்கார்ந்திருப்பவர்களின் முழங்காலுக்கு எதிரில். காற்றில் சுமார் 2 சதவீதம் கலந்தாலே சமையல் எரிவாயு தீப்பிடிக்கும். சிறிய காருக்குள் 200 கிராம் கசிந்தால் அந்த வரம்பு தாண்டிவிடும், ஒரு சுவிட்சின் பொறி போதும். வீட்டுச் சிலிண்டரை வேறு காரியத்துக்குப் பயன்படுத்துவது அத்தியாவசியப் பொருட்கள் சட்டத்தின் கீழ் குற்றமும்கூட. போலி வாயுவையும் லேசாக எண்ண வேண்டாம். 2011இல் வியட்நாமிலும் பிரேசிலிலும் குளிர்பதனக் கன்டெய்னர்கள் வெடித்துத் தொழிலாளர்கள் இறந்தார்கள். ஆர்-134ஏ என்ற பெயரில் ஏற்றியதில் மெத்தில் குளோரைடு கலந்திருந்து, அது அலுமினியத்தோடு வினைபுரிந்து தானே தீப்பற்றும் பொருளை உண்டாக்கியதே காரணம் என்று கண்டறிந்தார்கள். பெயரில்லாத கேனில் வரும் வாயுவை உங்கள் வண்டிக்குள் விடாதீர்கள்.

ஏ.சி.யே இல்லாமல் வந்த ஆம்னி, பழைய சுமோ, அம்பாசிடர் போன்ற வண்டிகளில் புதிதாக ஏ.சி. பொருத்துவது இன்னும் பெரிய வேலை. பிரித்த வண்டிகளின் கிட் சென்னை புதுப்பேட்டை போன்ற இடங்களிலிருந்து வாங்கி மாட்டப்படுகிறது. பொருள் பழையது என்பது மட்டுமே குறை அல்ல. ஆல்டர்னேட்டர் அந்தச் சுமையைத் தாங்குமா, கண்டென்ஸர் மறைத்த ரேடியேட்டருக்குத் தனி மின்விசிறி உண்டா, புது ஒயருக்கு ரிலேயும் ஃபியூஸும் உண்டா என்று கேட்காமல் மாட்டிய வண்டியில் ஒயர் உருகும், எஞ்சின் கொதிக்கும். குழாய்களை உள்ளே கொண்டுவர எஞ்சினுக்கும் உட்புறத்துக்கும் நடுவிலுள்ள தகட்டில் துளை போடுகிறார்கள். அந்தத் துளைகளை ரப்பர் வளையமும் பூச்சும் வைத்து அடைக்காமல் விட்டால் புகைக்குழாயிலிருந்து கசியும் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, தூக்கத்திலேயே கொல்லும். நான்குவழிச் சாலை ஓரம் எஞ்சினை ஓடவிட்டு, கண்ணாடியை ஏற்றி, ஏ.சி. போட்டுத் தூங்கும் பழக்கத்தை எந்தக் காரிலும் வைத்துக்கொள்ளாதீர்கள். துளை போட்டு ஏ.சி. மாட்டிய பழைய வண்டியில் ஒருபோதும் கூடாது.

இத்தனைக்கும் காவல் ஒரு ரசீது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(47)ஆம் பிரிவு, பொருள் விற்றுவிட்டோ சேவை செய்துவிட்டோ ரசீது தராமல் இருப்பதையே நேர்மையற்ற வணிக நடைமுறை என்கிறது. அந்த ரசீதில் கடையின் பெயர், முகவரி, வரிசை எண், தேதி, உங்கள் பெயர், செய்த வேலையின் விவரம், கடைக்காரர் கையெழுத்து இருக்க வேண்டும். ஏ.சி. வேலைக்கு இதோடு நீங்கள் கேட்டு எழுதி வாங்க வேண்டியவை: வண்டி எண், ஓடிய கிலோமீட்டர், வாயுவின் பெயர், எத்தனை கிராம், என்ன எண்ணெய், கசிவு எங்கே இருந்தது, அதை எப்படிச் சரிசெய்தார், மாற்றிய பாகம் புதியதா பழையதா, எத்தனை மாத உத்தரவாதம். "கேஸ் சார்ஜ்" என்ற இரண்டே சொல்லும் ஒரு தொகையும் எழுதிய சீட்டு எதற்கும் உதவாது. வாயுவை மாற்றியிருந்தால் பானட்டுக்கு அடியிலும் அதே விவரத்தோடு ஒரு ஸ்டிக்கர் ஒட்டச் சொல்லுங்கள். அடுத்த மெக்கானிக் தெரியாமல் வேறு வாயுவைக் கலந்துவிடாமல் அது காக்கும். கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வீட்டுக்குக் கொண்டுவாருங்கள்.

"பழகின தம்பிகிட்ட எப்படிப் பில்லு கேக்கிறது" என்பார்கள். பழகினவர் என்றால் எழுதித் தருவதில் அவருக்கு என்ன தடை? ஒழுங்காக வேலை பார்ப்பவருக்கு அந்த ரசீதே பாதுகாப்பு. வேறொருவர் பின்னால் செய்த தவறு அவர் தலையில் விழாது. "பில் கேட்டால் 18 சதவீதம் வரி ஏறும்" என்பது அடுத்த பேச்சு. ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் இருந்து ஜி.எஸ்.டி. பதிவு செய்யாத சிறு பட்டறை வரி வாங்கவே கூடாது. வரியில்லாத ரசீது தந்தால் போதும். வண்டியே பழசு, இதற்கு வழக்கா என்ற கேள்வியில் மட்டும் கொஞ்சம் நியாயம் உண்டு. ஆனால் கம்ப்ரஸரின் விலை பழைய வண்டிக்குக் குறைவதில்லை, அதில் ஏறிப் போகும் குடும்பத்தின் உயிரும் பழசு அல்ல.

வேலை கெட்டுப்போனால் கோபத்தில் உடனே இன்னொரு பட்டறையில் பிரித்துவிடுகிறார்கள். பெரும்பாலான புகார்கள் அங்கேயே செத்துப்போகின்றன. பிரிக்கும் முன் தேதியோடு படம் எடுங்கள். இன்னொரு தகுதியுள்ள மெக்கானிக்கிடம் குறை என்ன என்று எழுத்தில் வாங்குங்கள். நிபுணர் கருத்து இல்லாத புகார் நுகர்வோர் ஆணையத்தில் நிற்பது கடினம். பிறகு முதல் பட்டறைக்கு ஒப்புகையுடன் அஞ்சலில் கடிதம் அனுப்பி 15 நாள் அவகாசம் கொடுங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதியலாம். தீராவிட்டால் தூத்துக்குடியிலுள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். பட்டறை மதுரையில் இருந்தாலும் நீங்கள் விளாத்திகுளத்தில் குடியிருந்தால் இங்கேயே புகார் தரலாம். 2019 சட்டம் தந்த உரிமை இது. நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயம் இல்லை, இ-ஜாக்ருதி இணையதளத்திலும் தாக்கல் செய்யலாம். காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் தர வேண்டும், இதை மறக்காதீர்கள். வாடகைக் கார் வைத்துப் பிழைப்பவரும், தன் வாழ்வாதாரத்துக்காகத் தானே தொழில் செய்தால், நுகர்வோரே. பட்டறைக்காரர் வண்டியைப் பிடித்து வைத்தால், தான் செய்த வேலையின் கூலிக்கு மட்டும் அப்படி வைக்க 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 170ஆம் பிரிவு இடம் தருகிறது. பழைய பாக்கிக்காக அந்தப் பிரிவைக் காட்ட முடியாது. சண்டை போடாமல், "ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்" என்று ரசீதில் எழுதிப் பணம் கட்டி வண்டியை மீட்டுப் பிறகு புகார் கொடுங்கள்.

ஆர்.சி.யும் இன்ஷூரன்ஸும் மிச்சம். வண்டியின் அடிப்படை அமைப்பை மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின் கீழ் வரும். ஏ.சி. இழுக்கவில்லை என்று வேறு எஞ்சின் மாட்டுவதும், வண்டியின் சேஸிஸை வெட்டுவதும் அனுமதியின்றிச் செய்யக் கூடாதவை. 2019 திருத்தத்தின்படி அனுமதிக்கப்படாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ 6 மாதம் வரை சிறையோ விதிக்கலாம். ஐயம் இருந்தால் வேலைக்கு முன்பே கோவில்பட்டி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் மனு எழுதிக் கொடுத்து, பெற்றதற்கு முத்திரை வாங்குங்கள். கவுன்ட்டரில் வாய்மொழியாகச் சொல்லும் பதில் பின்னால் உதவாது. 15 ஆண்டு முடிந்த காரை நிறுத்தி விளக்கு, பிரேக், ஹாரன் பார்க்கும் ஆய்வில், ஏ.சி.க்குள் என்ன வாயு ஓடுகிறது என்று பார்க்கும் ஏற்பாடு இல்லை. பழைய வண்டிக்குக் கட்டணத்தை மட்டும் ஏற்றும் துறை இதற்கு ஒரு பரிசோதனைக் கருவியாவது வைக்க வேண்டும். வெளியே பொருத்திய ஏ.சி.க்கு முழுக் காப்பீட்டில் ஐ.எம்.டி. 24 என்ற பிரிவில், அதன் மதிப்பில் 4 சதவீதம் கூடுதல் பிரீமியம் கட்டிச் சேர்க்க வேண்டும். சேர்க்காமல் விட்டால், தீ விபத்தில் அந்த ஏ.சி.க்கு இழப்பீடு வராது. அறிவிக்காத மாற்றத்தைக் காட்டி முழுக் கோரிக்கையையும் தள்ளப் பார்ப்பார்கள். நிறுவனம் மறுத்தாலோ, எழுதிக் கொடுத்து ஒரு மாதத்தில் பதில் தராவிட்டாலோ, சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் ஓராண்டுக்குள் கட்டணமின்றி முறையிடலாம்.

போன கோடையில் வாயு மாற்றியவர்கள் இந்த வாரமே பானட்டைத் திறந்து பாருங்கள். ஸ்டிக்கர் இல்லையென்றால் அதே பட்டறைக்குப் போய், என்ன அடித்தார் என்று எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுத்தால் வாயுவைச் சோதிக்கும் கருவி உள்ள வேறு பட்டறையில் காட்டும்வரை அந்த ஏ.சி.யைப் போடாதீர்கள்.