பேப் ரூத் பிடித்த மட்டை இதுதானா?

"பரணில் கிடந்த பழைய பேஸ்பால் மட்டையில் 'பேப் ரூத்' என்று கையெழுத்து இருக்கிறதே, என்ன விலை போகும்?" லூயிவில்லில் குடியிருப்பதால் என்னிடம் இப்படிக் கேட்பவர்கள் உண்டு. பெரும்பாலும் என் பதில் ஒன்றுதான்: உங்கள் தாத்தா அதைக் கடையில் வாங்கியிருப்பார்.

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் இருக்கும் இந்த ஊர்தான் 'லூயிவில் ஸ்லக்கர்' மட்டைகளின் பிறந்த வீடு. ஹில்லரிச் அண்ட் பிராட்ஸ்பி கம்பெனியின் தயாரிப்பு அது. 1905இல் ஹோனஸ் வாக்னர் என்ற ஆட்டக்காரர், தன் கையெழுத்தை மட்டையில் பொறித்துக்கொள்ளலாம் என்று இந்தக் கம்பெனிக்கு ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தார். டை காப், பேப் ரூத் போன்ற நட்சத்திர ஆட்டக்காரர்கள் எல்லாம் அந்த வழியில் பின்னால் வந்தவர்கள். சிக்கலும் அங்கேதான் ஆரம்பிக்கிறது. ரூத்துக்குப் போன மட்டையிலும் அவர் கையெழுத்து இருக்கும், தெருவில் விளையாடும் பையனுக்குக் கடைக்காரர் விற்ற மட்டையிலும் அதே கையெழுத்து இருக்கும். முன்னது கிடைத்தால் லட்சக்கணக்கான டாலர். பின்னதை வரவேற்பறையில் அழகுக்கு மாட்டிக்கொள்ளலாம்.

நான் இன்சூரன்ஸில் சேத மதிப்பீடு பார்ப்பவன். விபத்தில் அடிபட்ட காரைப் பார்க்கப் போனால், ஓட்டியவர் சொல்லும் கதையைக் கடைசியில்தான் கேட்பேன். முதலில் தகரம் எந்தப் பக்கம் மடங்கியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். பழைய மட்டைகளின் மேல் எனக்கு ஆசை வந்ததற்குக் காரணம், அங்கேயும் இதே வேலைதான் நடக்கிறது.

மட்டையைக் கையில் எடுக்கும் நிபுணர் முதலில் நீளத்தையும் எடையையும் பார்ப்பார். ரூத் சுழற்றியவை பெரும்பாலும் ஒரு கிலோவைத் தாண்டும். இன்றைய ஆட்டக்காரர்களின் மட்டை 900 கிராமை ஒட்டித்தான் இருக்கும். அடுத்து நடுவில் இருக்கும் கம்பெனி முத்திரை. அதன் எழுத்துகளும் வடிவமும் அவ்வப்போது மாறியிருப்பதால், எந்தக் காலத்து மட்டை என்று ஓரளவு சொல்லிவிடலாம். பிறகு தேய்மானம்: பந்து பட்ட தழும்பு, ஷூ முள் கீறிய கோடு, மட்டை செருகும் அடுக்கில் உரசி ஒட்டிய பெயின்ட், கைப்பிடியில் விரிசல். ஆட்டத்தில் அடிபட்ட மட்டை இப்படித்தான் இருக்கும். ஆனால் உப்புத்தாளும் பொறுமையும் இருந்தால் இதையெல்லாம் வீட்டிலேயே செய்துவிடலாம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அதனால்தான் சேகரிப்பவர்கள் இன்னொன்றைத் தேடுகிறார்கள். அந்தக் காலத்தில் தனக்குப் பிடித்த மட்டை உடைந்தால், அதே மாதிரி இன்னொன்று வேண்டும் என்று ஆட்டக்காரர் அதைத் தொழிற்சாலைக்கே திருப்பி அனுப்புவார். அங்கே இருக்கும் தொழிலாளி, யாருடையது, எந்தத் தேதியில் வந்தது என்று கிரீஸ் பென்சிலால் மட்டையின் பக்கவாட்டில் கிறுக்கி வைப்பார். கணக்குக்காக எழுதியது, அவ்வளவுதான். நூறு வருஷம் கழித்து ஏலத்தில் விலையைப் பல மடங்கு ஏற்றுவது அந்தக் கிறுக்கல்தான். யாரையும் நம்ப வைக்க அதை எழுதவில்லை. இந்தத் துறையில் நான் மிகவும் மதிக்கும் சாட்சிகளில் ஒன்று அது.

பந்திலும் இப்படி ஒரு சாட்சி உண்டு. ரூத் ஆடிய அமெரிக்கன் லீகின் அதிகாரபூர்வ பந்தில் அந்தக் காலத்தில் லீக் தலைவரின் பெயர் அச்சாகியிருந்தது. பான் ஜான்சன் 1927 வரை தலைவர். வில் ஹாரிட்ஜ் 1931இல்தான் அந்தப் பதவிக்கு வந்தார். 1927இல் ரூத் அடித்த 60ஆவது ஹோம் ரன் பந்து என்று ஒருவர் நீட்டி, அதில் ஹாரிட்ஜ் பெயர் இருந்தால், மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை. எழுந்து வந்துவிடலாம்.

கதையை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு 'ஷூலெஸ்' ஜோ ஜாக்சன் என்ற ஆட்டக்காரரின் ஜெர்சி உதாரணம். 1919 வேர்ல்ட் சீரிஸ் இறுதித் தொடரில் பணம் வாங்கிக்கொண்டு தோற்றதாக எழுந்த புகாரில், ஆயுள் முழுவதும் தடை செய்யப்பட்ட எட்டுப் பேரில் ஜாக்சனும் ஒருவர். அந்த வருஷம் அவர் போட்ட ஜெர்சி என்று ஒன்று, பாரி ஹால்பர் என்ற புகழ்பெற்ற சேகரிப்பாளரிடம் இருந்தது. ஜாக்சன் குடும்பத்தாரிடமிருந்து வந்தது என்றார்கள். கூப்பர்ஸ்டவுனில் இருக்கும் பேஸ்பால் ஹால் ஆஃப் ஃபேம் அருங்காட்சியகத்துக்கே அது போய்ச் சேர்ந்தது. 2010இல் பரிசோதித்தபோது, 1940களுக்கு முன் புழக்கத்திலேயே இல்லாத செயற்கைப் பொருள் அதில் இருப்பது தெரிந்தது. 1919இல் யாரும் அதை உடுத்தியிருக்க முடியாது. அத்தனை பெரிய நிறுவனம், அத்தனை பெரிய பெயர், ஒரு நூலிழையை முன்பே சோதிக்கத் தோன்றவில்லையா என்று எனக்கு இன்றும் எரிச்சல்தான்.

ஜெர்சியில் இப்போது பெரிதும் நம்பப்படுவது புகைப்படப் பொருத்தம். அன்றைய ஜெர்சிகள் கம்பளித் துணியில் எழுத்துகளைத் தனித்தனியாக வெட்டித் தைத்தவை. ஓர் எழுத்து தையலிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது, பட்டன் அதை எங்கே தொடுகிறது என்பது ஜெர்சிக்கு ஜெர்சி மாறும். பழைய பத்திரிகைப் படத்தைப் பெரிதாக்கி, பொருளோடு வைத்துப் பார்க்கிறார்கள். 1932 அக்டோபர் 1 அன்று சிகாகோ ரிக்லி ஃபீல்டில், ரூத் கையை நீட்டிக் காட்டிவிட்டு ஹோம் ரன் அடித்ததாகச் சொல்லப்படும் ஆட்டத்தின் ஜெர்சி இப்படித்தான் ஒப்பிடப்பட்டது. 2005இல் 9,40,000 டாலருக்குப் போன அதே ஜெர்சி, 2024 ஆகஸ்டில் 2 கோடியே 41 லட்சம் டாலரைத் தாண்டியது. நம் கணக்கில் சுமார் 200 கோடி ரூபாய். அவர் உண்மையில் கையை நீட்டி எதைக் காட்டினார் என்ற சண்டை மட்டும் இன்னும் ஓயவில்லை!

ரூத்தே எழுதிக் கொடுத்த சாட்சியும் ஒன்று உண்டு. 1923 ஏப்ரல் 18 அன்று யாங்கி ஸ்டேடியம் திறந்த நாளில், அங்கே முதல் ஹோம் ரன் அடித்த மட்டையை, லாஸ் ஏஞ்சலிஸ் பத்திரிகை ஒன்று பள்ளிப் பையன்களுக்கு வைத்த போட்டிக்குப் பரிசாக அனுப்பினார். மே 7 என்று தேதி போட்டு, தன் கைப்படவே எழுதினார். விக்டர் ஒர்சாட்டி என்ற பையன் ஜெயித்தான். 2004இல் சதபீஸ் ஏலத்தில் அது 12,65,000 டாலருக்குப் போனது. ஆட்டம் நடந்த மூன்று வாரத்துக்குள் எழுதிய தேதி, ஊரறிய நடந்த போட்டி. இதைவிட என்ன வேண்டும்?

வாங்கும் ஆசை உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. சான்றிதழை மட்டும் பார்த்துப் பணத்தைக் கொடுக்காதீர்கள். அதை எழுதியவர் எதை அளந்தார், எந்தப் படத்தோடு ஒப்பிட்டார் என்று எழுத்தில் கேளுங்கள். ஏலக்காரர் பெரிய ஆள் என்பதும் போதாது. இந்தத் தொழிலின் ஜாம்பவானாக இருந்த பில் மாஸ்ட்ரோவே, ஏலத்தில் போலியாக விலை ஏற்றிய மோசடிக்காக 2015இல் 20 மாதச் சிறைத் தண்டனை பெற்றவர்.

ஒன்றும் வாங்க வேண்டாம், பார்த்தால் போதும் என்பவர்கள் லூயிவில் மெயின் ஸ்ட்ரீட்டுக்கு வாருங்கள். 120 அடி உயர இரும்பு மட்டை சாய்ந்து நிற்கும் கட்டிடம்தான் லூயிவில் ஸ்லக்கர் மியூசியம். 1927இல் ரூத் ஆடிய மட்டை ஒன்று உள்ளே இருக்கிறது. அந்த மட்டையால் அடித்த ஒவ்வொரு ஹோம் ரன்னுக்கும் முத்திரையைச் சுற்றி ஒரு வெட்டுப் போட்டிருக்கிறார் மனிதர். மொத்தம் 21 வெட்டு.