பவர்பாயிண்ட் கற்கப் போன டீச்சர்

கம்ப்யூட்டர் வாங்கிய முதல் வாரம் எல்லா வீட்டிலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் கழிகிறது. பெயிண்ட்டில் ஒரு மரம் வரைவோம், நாலு பாட்டு கேட்போம். அப்புறம்தான் ‘இதை வைத்து உருப்படியாக என்ன செய்யலாம்?’ என்ற யோசனை வரும். வீட்டில் ஆசிரியர் ஒருவர் இருந்தால் பதில் தயாராக இருக்கும்: பாடத்தைப் பவர்பாயிண்ட்டில் போட்டுக் காட்டலாம்.

தென்காசியில் என் மதினியும் அப்படித்தான் தொடங்கினார். நடுநிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. 2020ல் கொரோனாவால் பள்ளிகள் மூடியபோது ஒரு லேப்டாப் வாங்கி, பாடங்களைப் பதிவு செய்து வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டிருந்தார். மறு வருடம் இக்னோவில் கல்வித் தொழில்நுட்ப முதுநிலை டிப்ளமோவுக்குத் தொலைநிலைக் கல்வியில் சேர்ந்தார். எதற்கு என்று கேட்டேன். நோட்டின் முதல் பக்கத்தைக் காட்டினார். ‘1. அனிமேஷன் கற்க வேண்டும். 2. மத்தளம்பாறையில் வேலை’ என்று எழுதியிருந்தது.

இரண்டாவது வரி வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. தென்காசிக்குப் பக்கத்தில் உள்ள மத்தளம்பாறை கிராமத்தில் 2011ல் ஸோஹோ நிறுவனம் தன் அலுவலகத்தைத் தொடங்கியது. 2019ல் அதன் நிறுவனர் ஸ்ரீதர் வேம்புவே அங்கு குடிவந்துவிட்டார். அதிலிருந்து எங்கள் பக்கத்தில் யார் என்ன கம்ப்யூட்டர் கோர்ஸ் படித்தாலும் மனதின் ஓரத்தில் அந்த ஊர்ப் பெயர் இருக்கும்.

லாரியும் மளிகைச் சாமானும்

கல்வித் தொழில்நுட்பம் என்றால் கம்ப்யூட்டர் பாடம் என்று நானும் நினைத்திருந்தேன். அந்தத் துறைக்கு வயது அதிகம். 1975-76ல் நாசாவின் ஏடிஎஸ்-6 செயற்கைக்கோள் வழியாக 6 மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்கு டிவி பாடம் போயிற்று. சைட் திட்டம் என்று அதற்குப் பெயர். கல்விக்கென்றே எடுசாட் செயற்கைக்கோளை 2004ல் இஸ்ரோ ஏவியது. ஒவ்வொரு முறையும் ‘இனி வகுப்பறையே மாறிவிடும்’ என்ற பேச்சு எழுந்து அடங்கியிருக்கிறது.

மதினியை உலுக்கியது வேறு ஒன்று. 1983ல் அமெரிக்க ஆய்வாளர் ரிச்சர்ட் கிளார்க் ஒரு கட்டுரை எழுதினார். மளிகைச் சாமானை ஏற்றி வரும் லாரியால் நம் உடம்பில் சத்து கூடுவதில்லை. பாடத்தைக் கொண்டு வரும் டிவியும் கம்ப்யூட்டரும் அந்த லாரி மாதிரிதான் என்பது அவர் வாதம். கற்றுத் தருவது பாடத்தை அமைத்த முறைதான், கருவி அல்ல என்கிறார்.

அன்று இரவே போன் வந்தது. “தம்பி, இந்த மனுசன் சொல்றது சரின்னா, நான் இவ்வளவு பணம் போட்டு வாங்குனது லாரியா?”

எனக்குக் கொஞ்சம் கோபமே வந்தது. சாஃப்ட்வேர் எழுதிப் பிழைப்பவனிடம் கேட்கிற கேள்வியா இது! ராபர்ட் கோஸ்மா என்பவர் இதற்குப் பின்னால் பதில் எழுதியிருக்கிறார் என்று தேடிப் பிடித்துச் சொன்னேன். ஒரு கருவியால் மட்டுமே செய்ய முடிகிற காரியங்கள் உண்டு, அதைப் பயன்படுத்திக் கொள்ளும்போது கருவிக்கும் பங்கு உண்டு என்பது அவர் கட்சி. இந்தச் சண்டை இன்னும் முடியவில்லை. எங்கள் வீட்டில் அதை முடித்து வைத்தது குற்றாலம்.

42 ஸ்லைடு

பயிற்சிக்காக மதினி தென்மேற்குப் பருவமழையைப் பாடமாக எடுத்துக்கொண்டார். 42 ஸ்லைடு. எழுத்துகள் நாலா பக்கமிருந்தும் பறந்து வந்தன, பின்னணியில் அருவிச் சத்தம், மேகம் நகர்ந்தது. பிள்ளைகள் கை தட்டினார்கள். மறுநாள் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “மெயின் அருவியில் விழுகிற தண்ணீர் எங்கிருந்து வருது?” பாதிப் பேருக்கு மேல் எழுதிய பதில், மலைக்குள்ளே பெரிய ஊற்று இருக்கிறது என்பதே. குற்றாலத்திலேயே குளித்து வளர்ந்த பிள்ளைகள்!

அந்த 42 ஸ்லைடில் எதுவும் தப்பு இல்லை. ஆனால் பிள்ளைகள் மனதில் ஏற்கெனவே இருந்த அந்த ஊற்றை எந்த ஸ்லைடும் தொடவில்லை.

அப்போதுதான் படிப்பில் வந்த ‘பாட வடிவமைப்பு’ பகுதி அவருக்குப் பிடிபட்டது. முதலில் பாடம் முடிந்ததும் பிள்ளை எதைச் செய்து காட்ட வேண்டும் என்று எழுத வேண்டும். பிறகு அவன் எங்கே தடுக்குகிறான் என்று பார்க்க வேண்டும். கருவியைத் தேர்ந்தெடுப்பது கடைசியில். மதினி அதுவரை தலைகீழாகச் செய்துகொண்டிருந்தார். சாஃப்ட்வேரிலும் இதே கதைதான். என்ன தேவை என்று கேட்காமல் கோட் அடிக்க உட்காருகிறவர்கள் எங்கள் ஆபீஸிலும் உண்டு, என்னையும் சேர்த்து.

அடுத்த சீசனில் ஸ்லைடு ஆறாகக் குறைந்தது. அதற்குப் பதில் லிப்ரே ஆபீஸ் கால்க்கில் ஒரு அட்டவணை. முதல் கட்டத்தில் தேதி. இரண்டாவதில் நம் தெருவில் மழை: இல்லை என்றால் 0, சாரல் 1, மழை 2. மூன்றாவதில் அருவி: வறண்டிருந்தால் 0, நூல் போல விழுந்தால் 1, நன்றாக விழுந்தால் 2, குளிக்கத் தடை என்றால் 3. அருவி நிலவரத்தை ஆட்டோ ஓட்டும் அப்பா, பழக்கடை மாமா, பேப்பர் என்று யாரிடமாவது கேட்டுக்கொண்டு வருவார்கள். ஒரு மாதம் முடிந்ததும் கட்டங்களைத் தேர்வு செய்து, இன்செர்ட் மெனுவில் சார்ட் என்பதைக் கிளிக் செய்து வரைபடம் போட்டார்கள்.

தெருவில் 0, அருவியில் 2 என்று இருந்த நாட்கள் வரிசையாகத் தெரிந்தன. “இங்கே மழையே இல்லை, அப்ப தண்ணி யார் அனுப்புனா?” என்று கேட்டது டீச்சர் அல்ல, பிள்ளைகள். அரபிக்கடலில் இருந்து வரும் ஈரக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறிக் குளிர்ந்து மழையாகக் கொட்டுகிறது. ஆரியங்காவு கணவாய் வழியே மிச்சக் காற்றும் சாரலும் நம் பக்கம் வருகின்றன. மேலே மலையில் பெய்த நீர் சிற்றாறாக இறங்கி அருவியாக விழுகிறது. இந்த விளக்கத்துக்கு இப்போது காது கிடைத்தது. தமிழகத்தின் பெரும்பகுதி அக்டோபர் மழைக்குக் காத்திருக்கும்போது ஜூனிலேயே குற்றாலத்தில் சீசன் வருவதற்கும் காரணம் புரிந்தது.

இங்கே நான் கோஸ்மா கட்சி. முப்பது நாள் விவரத்தை ஒரு நொடியில் படமாக்கியது லாரியின் வேலை இல்லை. மதினி இன்னும் கிளார்க் கட்சிதான்.

அந்த ஆறு ஸ்லைடில் அவர் செய்த மாற்றங்களை நீங்கள் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ரிச்சர்ட் மேயர் என்ற உளவியல் அறிஞரின் ஆய்வுகளில் இருந்து வந்தவை இவை. படத்தை வாயால் விளக்கும்போது, அதே வாக்கியங்களைத் திரையிலும் போடாதீர்கள். கண் எழுத்துக்கும் படத்துக்கும் நடுவே அலைகிறது. பாடத்துக்குச் சம்பந்தமில்லாத இசை, பறக்கும் எழுத்து இரண்டையும் எடுத்துவிடுங்கள். அருவிச் சத்தத்தை நீக்க மட்டும் மதினிக்கு மனமே வரவில்லை, பெரிய பஞ்சாயத்து நடந்தது.

நோட்டின் அடுத்த பக்கங்கள்

இலக்கு இப்படி மாறுவது தென்காசியில் மட்டும் நடப்பதல்ல. இந்தியாவில் பிறந்த புன்யா மிஸ்ராவும் மேத்யூ கோலரும் அமெரிக்காவின் மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர்களையும் பட்ட மேற்படிப்பு மாணவர்களையும் ஒரே குழுவாக்கி இணையப் பாடங்களை வடிவமைக்க வைத்தார்கள். அவர்கள் பேசிக்கொண்டதையும் பதிவு செய்தார்கள். ஆரம்பத்தில் பாடம், கற்பிக்கும் முறை, கருவி மூன்றையும் தனித்தனியாகப் பேசியவர்கள், போகப் போக மூன்றையும் பின்னியே பேசினார்கள் என்று 2007ல் வெளியான அவர்களது ஆய்வு காட்டுகிறது.

நம் நாட்டில் இன்னொரு உதாரணம், 2020ல் உலக ஆசிரியர் பரிசு பெற்ற ரஞ்சித்சிங் டிசாலே. அப்போது மகாராஷ்டிராவின் சோலாப்பூர் மாவட்டத்துப் பரிதேவாடி பள்ளியில் ஆசிரியராக இருந்தார். பாடப்புத்தகத்தில் க்யூஆர் கோடு கொண்டு வந்தவர் என்றுதான் பத்திரிகைகள் எழுதின. அந்த ஊர்ப் பிள்ளைகள் வீட்டில் கன்னடம் பேசுகிறார்கள் என்று அவரும் கன்னடம் கற்றார், புத்தகங்களை மொழிபெயர்த்தார். எனக்கு அந்தக் கட்டத்தைவிட இதுதான் பெரிதாகப் படுகிறது.

மதினியின் நோட்டில் ஒரு வருடம் கழித்து எழுதிய பக்கத்தில் அனிமேஷன் இல்லை. ‘பிள்ளை எங்கே தடுக்குகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும்’ என்று இருந்தது. மத்தளம்பாறை மட்டும் கேள்விக்குறியோடு இருந்தது. டிப்ளமோ முடிந்த சமயம் வெளியூரில் இணையப் பாடங்கள் தயாரிக்கும் ஒரு கம்பெனியில் இருந்து நேர்காணல் வந்தது. பள்ளிச் சம்பளத்தைவிட நல்ல சம்பளம். நேர்காணலில் அவரிடம் கேட்டது: “ஒரு நாளைக்கு எத்தனை ஸ்லைடு முடிப்பீங்க?” மதினி போகவில்லை. போயிருக்கலாம் என்று நான் இன்றும் சொல்கிறேன். அண்ணன் கடன் தவணை எனக்குத் தெரியும். “ஆறு ஸ்லைடுக்கு ஒரு சீசன் ஆச்சு தம்பி, அதை அங்க எப்படிச் சொல்றது?” என்பார்.

மூன்றாவது பக்கத்தில் இருப்பது பக்கத்துப் பள்ளி ஆசிரியர்களின் பெயர்கள். மாதம் ஒரு சனிக்கிழமை நாலைந்து பேர் எங்கள் வீட்டு முன்னறையில் கூடுகிறார்கள். 2018 முதல் வந்த தமிழக அரசுப் பாடநூல்களில் உள்ள க்யூஆர் கோடுகள், 2023ல் வெளிவந்த மணற்கேணி செயலி இரண்டிலும் வீடியோக்கள் நிறையவே இருக்கின்றன. எந்த வீடியோவை எந்தக் கேள்விக்குப் பிறகு காட்டுவது என்பதுதான் அங்கே பேச்சு. கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் சிமுலேஷன்களையும் பயன்படுத்துகிறார்கள். இலவசம், பலவும் தமிழிலும் உண்டு. ஒருமுறை டவுன்லோடு செய்துகொண்டால் நெட் இல்லாமலும் பிரவுசரில் ஓடும். உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு இன்றே ஒன்றைத் திறந்து கொடுங்கள், விளக்கம் சொல்லாமல் பத்து நிமிடம் விட்டுப் பாருங்கள்.

குற்றால அட்டவணையில் இப்போது நான்காவதாக ஒரு கட்டம் சேர்ந்திருக்கிறது: ‘காற்று எந்தப் பக்கம்?’ சேர்க்கச் சொன்னது ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி.