எண்ணெய் சரி, புரட்டிவிட யார்?

தாம்பரம் சானடோரியத்தில் அலோபதி, சித்தா என இரண்டு மருத்துவமும் அருகருகே இருக்கின்றன. காசநோய்க்காக 1928-இல் தொடங்கிய மருத்துவமனை ஒன்று. 2005-இல் திறந்த தேசிய சித்த மருத்துவ நிறுவனம் மற்றொன்று. இந்த வட்டாரத்து ஐசியூ வாசல்களில், 'பெட்சோர் வராமல் இருக்க என்ன தடவலாம்?' என்று கேட்கிறவர்கள் இருப்பதில் வியப்பில்லை. தேங்காய் எண்ணெய், கற்றாழை, ஆலிவ் எண்ணெய் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். சித்த மருத்துவத்தின் மத்தன் தைலம் ஊமத்தை இலைச் சாறு, தேங்காய் எண்ணெய், மயில்துத்தம் சேர்த்துக் காய்ச்சுவது. அது வந்த புண்ணுக்கு. வராமல் தடுக்கத் தினமும் பூசுவதற்கல்ல. ஊமத்தையும் துத்தமும் நஞ்சு வேறு.

கற்றாழைக் கூழில் பலன் தெரிந்ததாக ஓர் ஈரானிய ஆய்வு சொல்கிறது. இருக்கட்டும். எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவே சதை நசுங்கி ரத்தம் ஓடாமல் போவதால் வருகிற புண் இது. கோளாறு உள்ளே, எண்ணெய் மேலே. ஐசியூவில் இன்னும் சிக்கல். ரத்த அழுத்தத்தை ஏற்றும் மருந்து தோலின் ரத்தக்குழாய்களைச் சுருக்கும். நுரையீரலுக்காகத் தலைமாட்டை உயர்த்தினால் உடல் சரிந்து, இடுப்புக்குக் கீழே தோல் இழுபடும். கன்றிய இடத்தை 'ரத்தம் ஓடட்டும்' என்று அழுத்தித் தேய்ப்பது கெடுதல்.

ஆனாலும் எண்ணெய்க்கு ஒரு புண்ணியம் உண்டு: பூசப் போகிறவர்தான் முதுகைப் பார்க்கிறார். நம் நிறத்துத் தோலில் சிவப்பு எளிதில் தெரியாது. தொட்டுப் பார்த்துச் சூடோ, கெட்டியோ இருந்தால் அது முதல் அடையாளம். குதிகால், பின்மண்டை, ஆக்ஸிஜன் குழாய் உரசும் காது மடல் ஆகியவற்றையும் பார்க்க வேண்டும்.

எனக்குக் கவலை டிஸ்சார்ஜுக்குப் பிறகுதான். ஐசியூவில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்ட நர்ஸ் இருக்கிறார். சேலையூரிலோ சிட்லபாக்கத்திலோ மூன்றாவது மாடி ஃபிளாட்டில், எழுபதைத் தாண்டிய மனைவி ஒருத்தி, எழுபத்தைந்து கிலோ கணவரை எப்படிப் புரட்டுவாள்? பிள்ளைகள் வெளிநாட்டில். ஏர் பெட் வாங்கி அனுப்பிவிடுவார்கள். அதைப் போட்டாலும் புரட்டத்தான் வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை.

கிளம்பும் முன், இடுப்புக்கு அடியில் மடித்த பெட்ஷீட்டைப் பிடித்து இருவர் சேர்ந்து, இழுக்காமல் தூக்கிப் புரட்டுவதை நர்ஸ் முன்னாலேயே செய்து பாருங்கள். கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்துக் குதிகால் மெத்தையில் படாமல் நிறுத்தவும் கற்றுக்கொள்ளுங்கள். வீட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிக்கு முன்பணம் கொடுக்கும் முன், ராத்திரிக்கு வருகிற ஆயா தூங்குவாரா, புரட்டுவாரா என்று கேட்டுவிடுங்கள்.