ஒரு லூப்பை விட இரண்டு லூப் வேகம்

வேடசந்தூரிலிருந்து ஒரு கல்லூரி மாணவர் எழுதியிருக்கிறார்: "ஜாவாஸ்கிரிப்டில் ஃபார், வைல், ஃபார் ஈச், ஃபார் ஆஃப் என்று இத்தனை லூப் இருக்கின்றனவே, எது வேகமானது? இன்டர்வியூவில் கேட்கிறார்களாம்." லூப் என்றால் என்னவென்று அவருக்குத் தெரியும். நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

ஒரு காலத்தில் இதற்குத் தெளிவான பதில் இருந்தது. 2009இல் மொழியின் தரநிலைக்குள் வந்த ஃபார் ஈச், ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு ஃபங்ஷனைக் கூப்பிட வேண்டியிருந்ததால் சாதாரண ஃபார் லூப்புக்குப் பின்தங்கியே ஓடியது. அரேயின் நீளத்தை முன்கூட்டி ஒரு மாறியில் எடுத்து வை, கடைசியிலிருந்து பின்னோக்கி எண்ணு என்ற அறிவுரைகளும் அந்தக் காலத்துச் சரக்குதான்.

இப்போது நிலைமை வேறு. குரோமுக்குள் இருக்கும் வி8 எஞ்சினில் 2017இல் ஒரு இரண்டு கட்ட ஏற்பாடு வந்தது. இக்னிஷன் என்ற பகுதி புரோகிராமை முதலில் நிதானமாக ஓட்டும். அடிக்கடி ஓடும் இடத்தை டர்போஃபேன் என்ற கம்பைலர் கண்டுகொண்டு எந்திர மொழியாக மாற்றிவிடும். ஃபார் ஈச்சுக்குக் கொடுத்த சின்ன ஃபங்ஷனை லூப்புக்குள்ளேயே கரைத்தும்விடும். அதனால்தான் பழைய இடைவெளி பெருமளவு சுருங்கிவிட்டது.

ஒன்றை மட்டும் அரேக்குத் தொடவே வேண்டாம்: ஃபார் இன். அது தருவது எண் அல்ல, எழுத்துச் சரம். முதல் உறுப்பின் இடத்தோடு 1 கூட்டினால் 1 வராது, '01' வரும். வேகத்திலும் அது கடைசிதான். ஃபார் ஈச்சை நடுவில் பிரேக் போட்டு நிறுத்த முடியாது, ஃபார் ஆஃப்பை நிறுத்தலாம். தேர்ந்தெடுக்க இந்த மாதிரிக் காரணங்களே போதும்.

சோதித்துப் பார்க்கிறவர்கள் இரண்டு இடத்தில் ஏமாறுகிறார்கள். முதலில் ஓடும் லூப் சூடேறாத எஞ்சினில் ஓடுகிறது; அதை மெதுவானது என்று எழுதி வைத்துக்கொள்கிறார்கள். இன்னொன்று, கூட்டிய விடையை எங்கும் பயன்படுத்தாமல் விட்டால் கம்பைலர் அந்த வேலையையே நீக்கிவிடலாம். அப்போது அளப்பது வெறும் காற்றை.

எனக்கு மிகவும் பிடித்த விசித்திரத்துக்கு வருகிறேன். ஒரு வலைப்பக்கத்தில் 500 வரிசை கொண்ட அட்டவணை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். லூப்புக்குள் ஒவ்வொரு வரிசையின் உயரத்தையும் படித்து, உடனே அதே வரிசைக்குப் புது உயரம் எழுதுகிறோம். எழுதியதும், பக்கத்தில் எது எங்கே, எந்த அளவில் நிற்கும் என்று உலாவி போட்டு வைத்திருந்த பக்கக் கணக்கு செல்லாததாகிறது. அடுத்த வரிசையின் உயரத்தைக் கேட்டதும் அந்தக் கணக்கை மறுபடி போட்டாக வேண்டும். 500 வரிசைக்கும் இதே கதை. அதையே இரண்டு லூப்பாகப் பிரித்து, முதல் லூப்பில் எல்லா உயரத்தையும் படித்துக்கொண்டு, இரண்டாவதில் எல்லாவற்றையும் எழுதினால் கணக்கு ஓரிரு முறையோடு முடிந்துவிடும். லூப் இரட்டிப்பாகிறது, நேரமோ பல மடங்கு குறைகிறது.

வேடசந்தூர்ப் பக்கம் மில்லில் வேலை பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். என் சித்தி நூற்பாலையில் இருந்தவர். ரிங் ஃபிரேமில் நூல் நிறைந்ததும் மெஷினை ஒரு தடவை நிறுத்தி, எல்லா ஸ்பிண்டிலிலும் மொத்தமாக நூலைக் கழற்றி, காலிக் குழல்களை மாட்டி, மறுபடி ஓட்டுவார்கள். ஒவ்வொரு ஸ்பிண்டிலுக்கும் தனித்தனியே மெஷினை நிறுத்தி ஓட்டினால் அந்த ஷிப்டில் என்ன நூல் கிடைக்கும்?

சாதாரணத் திரை நொடிக்கு 60 தடவை புதுப்பிக்கப்படுகிறது. ஒரு தடவைக்குச் சுமார் 16.7 மில்லிசெகண்ட்; பக்கக் கணக்கெல்லாம் அதற்குள் முடிய வேண்டும். புது லேப்டாப்பில் இது தாராளம். பழைய போனில் விண்ணப்பம் நிரப்பும் பெண்ணுக்கு அதே பக்கம் விரல் வைத்ததும் உறைந்துபோகிறது. அவர் தன் போனைத்தான் நொந்துகொள்கிறார். ஃபாரா, ஃபார் ஈச்சா என்று மணிக்கணக்கில் வாதாடுகிற நாம், எழுதிய பக்கத்தை ஒரு மலிவான போனில் திறந்துகூடப் பார்ப்பதில்லை. இது எனக்கு உண்மையாகவே வருத்தம். இன்டர்வியூ கேள்விகளும் இந்தப் பழக்கத்தைத்தான் வளர்க்கின்றன.

தம்பி, போன் கிடைக்காவிட்டாலும் வழி உண்டு. குரோமின் டெவ்டூல்ஸில் பெர்ஃபார்மன்ஸ் பகுதியைத் திற. சிபியு வேகத்தை நான்கில் ஒரு பங்காகக் குறைக்க அங்கேயே வசதி இருக்கிறது. அந்த வேகத்தில் உன் பக்கத்தைப் பதிவு செய். பக்கக் கணக்கு போடும் நேரமெல்லாம் ஊதாக் கட்டங்களாகத் தெரியும். படிப்பதும் எழுதுவதும் மாறி மாறி நடந்திருந்தால் கட்டத்தின் மூலையில் சிவப்பு முக்கோணம் இருக்கும். அதைச் சொடுக்கினால் எந்த வரியால் வந்தது என்று காட்டும்.