காமாலைக்குக் கீழாநெல்லி போதுமா?

மும்பையில் மழை தொடங்கிவிட்டால் ரெயில் தண்டவாள ஓரங்களில் கீழாநெல்லி முளைத்து விடும். ஒரு சாண், மிஞ்சினால் ஒரு முழம் உயரம். இலைக்கு அடியில் சிறு காய்கள் வரிசையாக இருப்பதால் இந்தப் பெயர். மராத்தியர்கள் "பூயி ஆவளா" என்பார்கள்.

கண் மஞ்சளித்தால் நம்மவர்கள் முதலில் தேடுவது இதைத்தான். செடியை அரைத்து, மோரில் கலக்கி, வெறும் வயிற்றில் குடிப்பார்கள். (தண்டவாள ஓரத்துச் செடி வேண்டாம். அங்கே ஓடும் தண்ணீர் எப்படிப்பட்டது என்று சொல்லத் தேவையில்லை.) சில வாரங்களில் மஞ்சள் இறங்கி விடும். "கீழாநெல்லி கேட்டது" என்று ஊருக்குத் தகவல் போகும்.

உண்மையில் கேட்டதா?

காமாலை தனி நோய் அல்ல. பெரும்பாலும் கல்லீரல் கெட்டதன் அடையாளம். அசுத்தத் தண்ணீரால் வரும் "ஏ", "இ" வகைக் காமாலைகள் பெரும்பாலும் தாமாகவே தணிந்து விடும். பெயர் மட்டும் கீழாநெல்லிக்குப் போகிறது.

ரத்தத்தின் மூலமும், தாயிடம் இருந்து பிள்ளைக்கும் பரவும் "பி" வகை அப்படி அல்ல. பல ஆண்டுகள் உடலில் பதுங்கி இருந்து, சிலருக்குக் கல்லீரல் புற்றுநோய் வரை கொண்டு போய் விடும்.

சென்னை சோதனை

இந்த "பி" வகைக்குக் கீழாநெல்லி உதவுமா என்று சென்னையில் சோதித்தவர், பிற்காலத்தில் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த டாக்டர் எஸ்.பி.தியாகராஜன். அந்தக் கிருமியைக் கண்டுபிடித்து 1976-ல் நோபல் பரிசு பெற்ற அமெரிக்க விஞ்ஞானி பிளம்பர்க்கும் உடன் சேர்ந்தார். 30 நாள் பொடி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்தது. வெற்று மருந்து சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்கே மறைந்தது. 1988-ல் லண்டன் "லான்செட்" பத்திரிகையில் இது வெளிவந்ததும் உலகமே திரும்பிப் பார்த்தது.

ஆனால் தாய்லாந்தில் செய்த சோதனையில் இந்தப் பலன் கிடைக்கவில்லை. 2011-ல் பல சோதனைகளைச் சேர்த்து அலசியவர்களும் உறுதியான ஆதாரம் இல்லை என்றே எழுதினார்கள்.

கீழாநெல்லியை இகழ வேண்டியதில்லை. அதைக் குடித்துக்கொண்டு ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப் போடுவதுதான் ஆபத்து. கர்ப்பிணிகளுக்கு "இ" வகை உயிருக்கே உலை வைக்கும். காமாலையோடு பிதற்றல், மயக்கம், ஓயாத வாந்தி, ரத்தக்கசிவு கண்டால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

"பி" வகைக்குத் தடுப்பூசி இருக்கிறது. பிறந்த 24 மணி நேரத்துக்குள் குழந்தைக்குப் போடும் முதல் ஊசி அரசு ஆஸ்பத்திரிகளில் இலவசம்.