பழைய கேமராவில் லீவர் நகரவில்லையா? முதலில் கையை எடுங்கள்

பல வருடம் பீரோவில் கிடந்தும் கெடாத ஃபிலிம் கேமரா, வெளியே எடுத்த அன்றைக்கே ஒரு கட்டைவிரலால் கெட்டுப்போகிறது. ஃபிலிமை நகர்த்தும் லீவர் பாதியில் நிற்கும். இன்னும் கொஞ்சம் அழுத்தினால் போய்விடும் என்று தோன்றும். போவது பல்சக்கரத்தின் பல்லாக இருக்கலாம். அதற்கு மாற்று பெரும்பாலும் கம்பெனியில் கிடைக்காது. அதே மாடலில் செத்துப்போன இன்னொரு கேமராவைத் தேடிப்பிடித்துக் கழற்ற வேண்டும்.

1976-இல் வந்த கேனன் ஏஇ-1 நல்ல உதாரணம். அதன் ஷட்டர் மின்சாரத்தை நம்பியது. 6 வோல்ட் பேட்டரி தீர்ந்திருந்தால் பட்டனை அழுத்தினாலும் ஷட்டர் விழாது. ஷட்டர் விழாதவரை, ஏற்கெனவே சுற்றி வைத்த லீவரும் நகராது. பார்ப்பவருக்கு மொத்த கேமராவும் இறுகிவிட்டது போலத் தெரியும். கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவதற்கு முன் புது 4எல்ஆர்44 பேட்டரி ஒன்றைப் போட்டுப் பாருங்கள். 36 படமும் எடுத்து முடிந்த ஃபிலிமும் லீவரை இப்படித்தான் நிறுத்தும். அடிப்பக்கத்துச் சின்ன பட்டனை அழுத்திவிட்டு ரீவைண்ட் கைப்பிடியை அம்புக்குறிப் பக்கம் சுற்றினால் போதும். ஸோர்க்கி, ஃபெட் போன்ற சோவியத் கேமராக்களில் வேறொரு வம்பு: ஃபிலிமைச் சுற்றிய பிறகுதான் ஷட்டர் வேகத்தை மாற்ற வேண்டும். முறை மாறினால் உள்ளே சேதமாகலாம். பழைய கேமராவின் செல்ஃப் டைமரையோ தொடவே வேண்டாம். ஓட ஆரம்பித்து நடுவில் நின்றால் ஷட்டரும் சேர்ந்து மாட்டிக்கொள்ளும்.

எல்லாவற்றையும்விட நான் பயப்படுவது எண்ணெய்க்குத்தான். தையல் மெஷின் எண்ணெய், தேங்காய் எண்ணெய், துரு நீக்கும் ஸ்ப்ரே என்று வீட்டில் எது இருந்தாலும் ஒரு சொட்டு விடக் கை பரபரக்கும். லென்ஸுக்குள் இருக்கும் அப்பர்ச்சர் பிளேடுகள் மிக மெல்லியவை, உலர்ந்தே ஓட வேண்டியவை. ஃபோகஸ் வளையத்தில் பூசிய கிரீஸ் பரண் சூட்டில் இளகி அவற்றின்மேல் கசிந்தாலே, ஈரமான இரண்டு கண்ணாடித் துண்டுகள்போல ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. அதன்மேல் நீங்களும் எண்ணெய் விட்டால் கதை முடிந்தது. லென்ஸைப் பிரித்து, கிரீஸைக் கரைக்கும் திரவத்தால் துடைப்பதுதான் வழி. அந்தத் திரவம் சட்டென்று தீப்பிடிக்கும். அடுப்போ விளக்கோ எரிகிற அறையில் அந்த வேலை கூடாது. உள்ளேயே ஃபிளாஷ் இருக்கும் சின்ன கேமராவைத் திறக்கவே திறக்காதீர்கள். பேட்டரியைக் கழற்றிய பிறகும் அதன் கெபாசிட்டரில் 300 வோல்ட் அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கலாம்.

ஆகவே மெக்கானிக்கிடம்தான் போக வேண்டியிருக்கும். இங்கேதான் பலர் சட்டத்தை மறந்துவிடுகிறார்கள். காசு வாங்கிக்கொண்டு செய்யும் ரிப்பேர், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி ஒரு சேவை. வேலைக்கு பில் தராமல் இருப்பது முறையற்ற வணிக நடைமுறை. ‘கடைக்குப் பொறுப்பில்லை’ என்று சீட்டில் அச்சடித்திருப்பதால் மட்டும் அலட்சியத்துக்கான பொறுப்பு கரைந்துவிடாது. கொடுக்கும்போதே பாடி, லென்ஸ் இரண்டின் சீரியல் நம்பரையும் சீட்டில் எழுதி வாங்குங்கள். இல்லையென்றால் லென்ஸ் மாறிப்போனதை நிரூபிப்பது கஷ்டம். என்ன கோளாறு, எவ்வளவு ஆகும், உள்ளே ஃபிலிம் இருக்கிறதா என்பதையும் எழுதச் சொல்லுங்கள். நாலு பக்கமும் ஒரு போட்டோ.

வேலை சரியில்லை என்றால் முதலில் கடைக்கே எழுத்தில் புகார் கொடுங்கள். மசியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதுவும் பலிக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கடை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், வக்கீல் கட்டாயமில்லை. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் கிடையாது. கேமரா ரிப்பேர் அதைத் தாண்டப்போவதில்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும். யாரோ ஒரு தனிநபர் தன் பழைய கேமராவை உங்களுக்கு விற்றிருந்தால் இந்தச் சட்டம் பொதுவாகக் கைகொடுக்காது. அதனால் பணம் கொடுப்பதற்கு முன்பே லீவரை இழுத்து, எல்லா வேகத்திலும் ஷட்டரைத் தட்டிப் பார்த்து வாங்குங்கள்.